வெறும் இடத்தில் குனிந்தவர்

எந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னும் அந்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவர் நுழைவார். மட்டாஞ்சேரியில் இது லேசான காரியமில்லை. இங்கே சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டைச் சுற்றவேண்டுமென்றால் அந்த வரிசை முழுவதையும் சுற்றவேண்டும். சுற்றுவார். மழையானால் குடையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, முகம் நனைய மேலே பார்த்துக்கொண்டே கடைத்தெரு வழியாகப் போய், பின்பக்கச் சந்து வழியாக வந்து, பிறகுதான் படியில் கால் வைப்பார்.

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, வாசல்வரை வந்தவர் ஏதோ கோபத்தில் திரும்பிப் போய்விட்டார் என்றே என் மனைவி நினைத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபக்கத்திலிருந்து வந்து நின்றார். சாயா குடித்தார். போனார். அவர் தலை மறைந்ததும் மனைவி என்னைப் பார்த்து, "அந்தம்மா எதுக்கு நம்ம வீட்ட வலம் வர்றாங்க? உள்ள நீங்க என்ன சாமியா?" என்று கேட்டாள்.

அவர் சின்ன விமானம் ஓட்டுகிறவர். நாலு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை விசிறி வைத்த விமானம். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார். சுக்கு மணக்கும் பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருந்தார். அம்மா வழியில் பாலக்காடு என்பதால் அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் இருக்கும். நாங்கள் பேசுவதும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் சிரமம் இல்லை. சிரமம் எனக்குப் பேசுவதில்தான். புது ஆள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

நான் சலவைத் தொழிலாளி. எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. துணி காயப்போட நாங்கள் கிளிப் வைப்பதில்லை. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றை இழுத்துக் கட்டி, முறுக்கை விரலால் கொஞ்சம் விலக்கி, துணியின் முனையை அதற்குள் செருகிவிடுவோம். விரலை எடுத்தால் கயிறே கடித்துக்கொள்ளும். முடிச்சு கிடையாது. கடற்காற்று அடிக்கிற நாளில் நூறு வேட்டியும் படுக்கை விரிப்பும் படபடத்துக் கிடக்கும். ஒன்றுகூடக் கீழே விழாது.

அவர் எங்கள் காயப்போடும் மைதானத்துக்கு முதலில் வந்தபோது உள்ளே வரவேயில்லை. அழுக்குத்துணி மூட்டையோடு வேலியைச் சுற்றினார். எங்களுக்கு அது தினமும் நடமாடும் இடம். அவருக்கு அது முழுக்கக் கயிறு. சுற்றி வந்து என்னிடம், "அந்தக் கோடியில உள்ள கயறு இன்னிக்குக் கெட்டினதல்லே?" என்றார். ஆமாம், அன்று காலையில் நான் கட்டியதுதான். எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். அந்தக் கயிற்றைக் கட்டிய கம்பத்தின் அடியில் புதிதாகத் தோண்டிய மண் ஈரமாக இருந்ததாம். "கயறு கண்ணில படாது. தூணைத்தான் நோக்கணும். ரெண்டு தூண் கண்டா நடுவில கம்பி உண்டுன்னு வச்சுக்கணும். கண்டாலும் சரி, காணலேன்னாலும் சரி."

இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மேலே இருந்து பார்க்கும்போது கம்பி தரையின் நிறத்தில் கரைந்துவிடுமாம். தெரிகிற தூரத்துக்கு வரும்போது திரும்ப நேரம் இருக்காதாம். தாண்டித்தான் ஆகவேண்டுமென்றால் தூணுக்கு மேலே தாண்டவேண்டும், அங்கேதான் உயரம் எவ்வளவென்று நிச்சயமாகத் தெரியும் என்பார். தோட்டங்களிலும் பொட்டல்களிலும் பெரிய முதலாளிகள் சொந்தமாக வைத்திருக்கும் ஓடுபாதைகளுக்கு முதலில் தரைவழியாகப் போய், அங்கே விமானம் இடிக்கக்கூடியது என்னென்ன இருக்கிறது என்று அளந்து தாளில் எழுதிக் கொடுப்பதுதான் அவர் கடைசியாகச் செய்துகொண்டிருந்த வேலை. மரம், கொட்டகை, செல்போன் கோபுரம், புதிதாக வைத்த வைக்கோற்போர். பிறகு அவரே விமானத்தில் போய் ஒருமுறை இறங்கிக் காட்டுவார். அதன்பின் அந்தத் தாளை நம்பி மற்றவர்கள் இறங்குவார்கள்.

எங்கே போனாலும் அவர் முதலாளியிடம் எதுவும் கேட்கமாட்டார். அங்கே ஆடு மேய்க்கிறவரைத் தேடிப் போய், "இங்க கடைசியா புதுசா வந்தது எது?" என்று கேட்பார். பழகின கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஆடு புதுக் கம்பத்தில் போய் உரசும் என்பார். இன்னொன்றும் சொல்வார். ஒரு வாரம் போகாத இடம் புது இடம்.

என்னை வேலைக்குக் கூப்பிட்டது என் கயிற்றுக்காக. தடை இருக்கும் இடத்தில் சிவப்புத்துணி தொங்கவேண்டும். காற்றில் அது போய்விடக்கூடாது. மாதம் இரண்டு மூன்று நாள் அவருடன் போய்வந்தேன். ஐந்தாம் வகுப்பு படித்த என்னிடம் அவர் தன் தாளைப் படித்துக் காட்டுவார். சரிதானா என்று கேட்பார். நான் தலையாட்டுவேன்.

இதெல்லாம் தொழில் தெரிந்தவரின் ஜாக்கிரதை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு விளங்காமல் போனது இன்னொன்று. எங்கள் சந்து தொடங்குகிற இடத்தில், சுக்குக் கிடங்குச் சுவருக்கும் தையல்கடைச் சுவருக்கும் நடுவில், அவர் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துதான் கடப்பார். அங்கே ஒன்றும் இல்லை. கயிறு இல்லை, கம்பி இல்லை, கூரை நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மேலே வெறும் வானம். என் மனைவி அதையும் பார்த்துவிட்டு, உங்க மேடத்துக்கு மேல யாரோ காயப்போட்டிருக்காங்க என்று சிரித்தாள்.

கேட்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. ரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டேன்.

"அறியில்ல," என்றார். "அங்க வந்து எத்தும்போது கழுத்துப் பின்னால தணுக்கும். தணுத்தா நான் குனிஞ்சிடுவேன். அது போதும்."

அதற்குப் பிறகு அந்த இடத்தில் நடக்கும்போதெல்லாம் என் கழுத்தும் குளிர்கிறதா என்று கவனிக்க ஆரம்பித்தேன். அது நல்லதில்லை. கவனிக்க ஆரம்பித்தால் குளிரத்தான் செய்யும்.

தெற்கே ஒரு கரிசல் காட்டில், எப்போதோ சண்டைக் காலத்தில் போட்ட சிமென்ட் ஓடுபாதை ஒன்று இருந்தது. ஒரு மில் முதலாளி அந்த நிலத்தை வாங்கிச் சீர்செய்துகொண்டிருந்தார். பாதையின் கிழக்கு முனைக்கு அப்பால் ஒற்றைப் பனைமரம். விமானம் இறங்கி வரும் வழியில் சரியாக நின்றது. வெட்டிவிடுகிறேன் என்றார் முதலாளி. வெட்டும்வரை அடையாளம் வேண்டும் என்றார் இவர். உள்ளூர்ப் பனையேறி ஒருவர் என் கயிற்றை உச்சிக்குக் கொண்டுபோய்க் கட்டினார். கொண்டையிலிருந்து தரைவரை அந்தக் கயிறு முழுக்க நான் சிவப்புத்துணி செருகினேன். ஆடு மேய்க்கும் ஒரு அம்மாள் தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் வெட்டப்படவில்லை. அது ஆடி மாதம். அந்தக் காட்டில் காற்று கொட்டகைத் தகரங்களைப் பிடுங்கிப் போட்டதாம். என் துணி ஒன்றுகூட விழவில்லை. ஊர்க்காரர்கள் கிட்டே வந்து பார்த்திருக்கிறார்கள். முடிச்சே இல்லாமல் துணி நிற்கிறது. அது அவர்களை என்னவோ செய்துவிட்டது. புரட்டாசியில் இவர் ஒருநாள் தனியாக அந்தப் பக்கம் பறந்து, இறங்காமல் மேலேயே மூன்று சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதையும் அவர்கள் பார்த்தார்கள்.

கார்த்திகையில் நாங்கள் தரைவழியாக மறுபடி போனபோது பனைமரத்தடியில் சிமென்ட் பீடம் இருந்தது. மஞ்சள் தடவிய கல் இருந்தது. என் துணிகளுக்கு நடுவே நூறு துணிகள், வளையல்கள், சின்ன மரத்தொட்டில்கள். உச்சியில் மூங்கில் கட்டி, மூங்கில் நுனியில் ஒரு கொடி பறந்தது. மரம் இப்போது மரத்தைவிட உயரமாக இருந்தது.

தை மாதம் முதலாளி தன் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு அங்கே வந்து இறங்குவதாக இருந்தது. சரி என்று இவர் எழுதிக் கொடுத்தால் இறங்குவார்கள். மரத்தை இனி வெட்டமுடியாது. மூங்கிலையும் கொடியையுமாவது இறக்கவேண்டும்.

இவர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "நீங்கதானே கெட்டினது. நீங்க சொல்லுங்க. இது அடையாளத்துக்குக் கெட்டின துணி, வேறொண்ணும் இல்லேன்னு. நான் சொன்னா கேக்கமாட்டாங்க."

நான் போனேன். பீடத்தருகில் அந்த ஆட்டுக்கார அம்மாள் நின்றார். கையில் ஒரு பச்சைக் குழந்தை. மருமகளுக்கு ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தது, ஒவ்வொரு முறையும் கலைந்துபோன கரு இங்கே துணி கட்டிய பிறகுதான் கலையாமல் நின்றது என்றார். குழந்தையின் நெற்றியில் இருந்து தொட்டு என் நெற்றியில் திருநீறு வைத்தார். எனக்கு வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இவர் திட்டவில்லை. என் நெற்றியைப் பார்த்தார். பையில் இருந்த தாளை எடுத்து எழுதினார். ஊர் திரும்பும்போது ரயிலில் வழக்கம்போல் படித்துக் காட்டினார். கிழக்கு முனை, தடை, தெய்வம். உயரம் நாற்பத்தைந்து அடி. வளர்கிறது.

மார்கழியில் இறங்கிக் காட்டும் நாள் வந்தது. என்னையும் ஏறச் சொன்னார். உங்க துணி மேலேர்ந்து எப்படி இருக்குன்னு ஒருதரம் நீங்க காணணும் என்றார். கோயம்புத்தூர் வரை ரயிலில் போய், அங்கே விமானத்தில் ஏறினோம். ஏறுவதற்கு முன் ஓடுபாதைக் காவலாளிக்குப் போன் செய்து, புதுசாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, எல்லாம் இருந்தது இருந்தபடிதான் என்றான் அவன்.

நான் விமானத்தில் ஏறியது அந்த ஒருமுறைதான். சத்தம் நெஞ்சுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. இரண்டு மணி வாக்கில் அந்தக் கரிசல் காடு கீழே வந்தது. ஓடுபாதை ஒரு வெளுத்த நாடா மாதிரி கிடந்தது. பனைமரத்தைத் தேடினேன். நிழலைத்தான் முதலில் கண்டேன். நான் செருகிய சிவப்பு எங்கேயும் தெரியவில்லை. அத்தனை துணியும் மண்ணோடு மண்ணாக இருந்தது.

உயரத்தில் ஒரு சுற்று வந்தோம். பக்கவாட்டில் தாழ்ந்து ஒரு சுற்று வந்தோம். பனைமரத்துக்கு மேலே நிறைய இடம் விட்டுத் தாண்டி, அதற்கப்புறம் சரிந்து இறங்கலாம் என்று திருப்பினார். காற்றும் அந்தப் பக்கமிருந்து இறங்கத் தோதாகத்தான் இருந்தது. கீழே ஆட்கள் கூடி நின்றார்கள். யாரோ ஒரு வெள்ளைத் துண்டை ஆட்டினார்கள். நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். மரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போது அவர் இடது கை மேலே போய்ப் பின்கழுத்தைத் தொட்டது.

"தணுக்குது," என்றார். "தூணை நோக்குங்க. எத்தனை?"

நான் பார்த்தேன். பனைமரம் ஒன்று. "ஒண்ணுதான்," என்றேன். பிறகு அதே முனையில், ஓடுபாதையின் ஓரத்தில், புதரோடு புதராக, புதிதாக வெட்டிய சவுக்குக் கம்பம் ஒன்றைப் பார்த்தேன். அதன் அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"ரெண்டு," என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் கத்தியது அதுதான்.

அவர் எதையும் தேடவில்லை. கம்பி தெரிகிறதா என்று பார்க்கவே இல்லை. விமானத்தை மேலே தூக்கினார். மறுமுனையிலிருந்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட பாதை முடிகிறவரை ஓடி இறங்கினோம்.

இறங்கியதும் அந்த இடத்துக்கு நடந்தோம். சவுக்குக் கம்பத்திலிருந்து ஓடுபாதைக்குக் குறுக்காகப் பனைமரம்வரை சாம்பல் நிற வயர் ஒன்று போனது. நடுநடுவே எரியாத சின்ன பல்புகள். பாதையின் நடுவில் நின்று பார்த்தேன். பனையைத் தாண்டிச் சரிந்து வந்திருந்தால் எங்கள் சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அது வந்திருக்கும். காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"நீங்க போன் பண்ணும்போது இல்ல மேடம். சாமி சத்தியமா இல்ல. நீங்க வாறீகன்னு நாந்தேன் ஊருக்குள்ள சொன்னேன். வாறவுகள இருட்டுலயா வரவேப்போம்னு சாயங்காலத்துக்கு வெளக்குப் போட்டுட்டாக."

அதாவது, நாங்கள் வருகிறோம் என்பதற்காகத்தான் அந்தக் கம்பி வந்தது. வராமல் இருந்திருந்தால் அங்கே கம்பியே இல்லை. இதை நான் நடந்துகொண்டே யோசித்தேன். இவரும் அதையேதான் யோசித்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அந்த முகத்தில் நான் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை.

அன்று நான் பேசினேன். யாரும் பேசச் சொல்லவில்லை. பீடத்தின் முன் நின்று, கூட்டத்துக்கு முன்னால் சொன்னேன். இது நான் கட்டின கயிறு. கொச்சியில் நாங்கள் துணி காயப்போடுவது இப்படித்தான். விமானத்துக்கு அடையாளம் காட்டத்தான் கட்டினேன். இதில் ஒன்றும் இல்லை. இதில் விமானம் இடித்தால் குழந்தைகள் சாகும்.

யாரும் கோபப்படவில்லை. ஆட்டுக்கார அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க கெட்டுனதுன்னு தெரியும்யா. நாந்தேன் உக்காந்து பாத்தேன்ல. கெட்டச் சொன்னது ஆரு?"

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். வானத்தில் வந்தவர், மூன்று முறை சுற்றியவர், எந்த இடத்தையும் வலம் வராமல் உள்ளே கால் வைக்காதவர். பீடத்தின் மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில், கார்த்திகையில் இவர் மறந்துவிட்டுப் போன அளவுநாடா இருந்தது. அதற்குப் பூ வைத்திருந்தார்கள்.

அவர் அந்த நாடாவை எடுக்கவில்லை. அன்று அந்தப் பீடத்தைச் சுற்றவும் இல்லை. நேராக நடந்து விமானத்தில் ஏறினார். அந்த ஓடுபாதையில் யாரும் இறங்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி கத்தினார். மற்ற முதலாளிகளுக்கும் சொன்னார். பிறகு வேலை வரவில்லை. தையில் முதலாளியின் பேரப்பிள்ளைகள் காரில் போய் இறங்கினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது போதும் எனக்கு.

அவருக்கு அது போதவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் சுற்றவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராகப் படியேறி வந்தார். சாயா குடிக்கும்போது, "நான் நோக்கப் போற எடத்துக்குத்தான் அது வருது," என்று ஒருமுறை சொன்னார். என் மனைவி அன்று கேலி செய்யவில்லை. அவர் போன பிறகு, முன்னமாதிரி சுத்தி வந்தா நல்லாயிருக்கும் என்று மட்டும் சொன்னாள். மாசி மாதம் மாடியைக் காலி செய்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவரை நான்தான் போனேன். சந்து தொடங்கும் அந்த இடத்தில் அவர் குனியாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பெட்டியோடு பின்னால் வந்த நான் குனிந்தேன்.

அவர் எங்கே போனார் என்று தெரியாது. எழுதுவதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருஷம் இன்டர்நெட் கேபிள் இழுக்கும் பையன் ஒருவன் ஏணியோடு எங்கள் சந்துக்கு வந்தான். எர்ணாகுளத்து ஆள், நான் பார்த்ததே இல்லை. சுக்குக் கிடங்குச் சுவரில் ஏணியைச் சாய்த்து, எதிரே தையல்கடைச் சுவருக்கு இழுப்பதற்காகக் கொக்கி அடிக்கப் போனான். சரியாக அந்த இடம். அந்த உயரம். நான் துணிமூட்டையோடு வந்துகொண்டிருந்தேன். கடந்து போயிருப்பேன். கால் நின்றுவிட்டது.

"அங்க வேண்டாம்," என்றேன்.

அவன் ஏணியிலிருந்தபடியே, "எந்தா சேட்டா, என்ன காரியம்?" என்றான்.

"அங்க ஏற்கனவே ஒண்ணு இருக்கு."

அவன் மேலே பார்த்தான். வெறும் வானம். என்னைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. சுத்தியலை இடுப்பில் செருகினான். பிறகு இறங்கி, ஏணியை மடக்கித் தோளில் வைத்து, அடுத்த சந்து வழியாக இழுத்துக்கொள்கிறேன் என்று புறப்பட்டான்.

அந்த இடத்தைக் கடக்கும்போது ஏணியைத் தாழ்த்திப் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு போனான்.